அக்காவின் கைக்கு ஒரு வொய்-வொய் தாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் இல்லை. செய்த முட்டாள்தனத்தை ஏ-3 தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, லாமினேஷன் போட்டு, சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டி, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பு டாக்டர் மேஜைமேல் விரித்துவைத்த முட்டாள். மேஜையில் அதற்கு இடம் போதவில்லை. பி.பி. பார்க்கும் கருவியைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டுதான் விரித்தேன். 'பிரச்சினை' என்ற கட்டத்துக்குள் 'அக்காவின் வலது கை' என்று எழுதியிருந்தேன். 'பார்ட் நம்பர்' என்ற கட்டத்தைக் காலியாக விட மனசு வராமல் அவளுடைய ஓ.பி. சீட்டு எண்ணைப் போட்டிருந்தேன்.

ஒரகடம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தத் தாளைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொழிற்சாலையில் ஒரு பொருள் கெட்டுப்போனால் 'ஏன்?' என்று கேட்க வேண்டும். வருகிற பதிலைப் பார்த்து மறுபடி 'ஏன்?' இப்படி ஐந்து முறை. ஐந்தாவது ஏனுக்கு அடியில் மூலகாரணம் அகப்பட்டுக்கொண்டு முழிக்கும் என்பது நம்பிக்கை. அதன் பிறகு மூன்று கட்டங்கள்: என்ன செய்யப்போகிறோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். இதற்குப் பெயர் வொய்-வொய். பதினான்கு வருஷமாக இதை எழுதி எழுதி, என் தலைக்குள் வேறு எந்த வழியும் ஓடுவதில்லை. வீட்டில் மிக்ஸி நின்றபோதுகூட எழுதினேன். மூன்றாவது ஏனில் இருக்கும்போது அம்மா வந்து ப்ளக்கைச் சரியாகச் சொருகிவிட்டுப் போனாள்.

என் வேலை தரம் பார்ப்பது. பிரேக்குக்குப் போகும் ஒரு வார்ப்புத் துண்டு என் மேஜைக்கு வரும். திருப்பிப் பார்ப்பேன், தடவிப் பார்ப்பேன், அளந்து பார்ப்பேன். கெட்டதாக இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி, பூட்டுப் போட்ட சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். சீட்டு விழுந்ததை யாரும் லைனுக்குத் திருப்பி எடுத்துப்போக முடியாது. மேனேஜர் வந்து கெஞ்சினாலும் முடியாது. என் வாழ்க்கையில் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அதுதான்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டு செய்கிறாள். நீளமான பலகையில் ஒயர்களைப் பரப்பி, டேப் சுற்றி, முனைகளை ஒவ்வொன்றாகக் கனெக்டருக்குள் 'டிக்' என்று சத்தம் வரும்வரை செருக வேண்டும். அவளுடைய லைனில் சுவரில் ஒரு அட்டவணை தொங்கும். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே ஒரு வட்டம், அதில் நான்கு கால் பாகங்கள். வேலை தெரியத் தெரிய ஒவ்வொரு காலாகக் கறுப்பு அடிப்பார்கள். வட்டம் முழுக்கக் கறுத்தவர் பிறருக்குக் கற்றுத்தரலாம். அக்காவின் வட்டம் ஒன்பது வருஷமாக முழுக் கறுப்பு. புதிதாகச் சேரும் பெண்களை அவள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, "அந்தக் கையை மட்டும் பாருங்க" என்பார்களாம். வீட்டில் அதிகம் பேசாதவள் இதை மட்டும் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறாள்.

காலை ஷிஃப்டுக்கு இரண்டு பேரும் சேரப்பணஞ்சேரி வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குச் சேர்ந்தே நடப்போம். அவள் பஸ் வேறு, என் பஸ் வேறு. ஒருநாள் கவனித்தேன், நடக்கும்போது அவளுடைய இடது கை மட்டும்தான் வீசியது. வலது கை விலாவோடு ஒட்டிக்கொண்டு சும்மா வந்தது.

"இன்னாக்கா, ஒரு கைய வூட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"ஆமா. உன் மூளை அங்க தனியா கீதே, அதுக்குத் தொணைக்கு."

இப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்து சட்டைமேல் போடும் கம்பெனி கோட்டுக்குப் பட்டன் போட அவளுக்கு நேரமானது. "பட்டனா போடற, பாலமா கட்டற?" என்றேன். வீட்டில் மளிகைச் சாமான் எழுதும் சீட்டில் அவள் எழுத்து, வரி போகப்போகச் சிறுத்துக்கொண்டே போனது. "எறும்பு கடைக்குப் போவப்போவுதா?" என்றேன். எட்டு மாதம். நாள் முழுக்கக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், பக்கத்திலேயே நடந்துவந்த கையின் குறையை எட்டு மாதம் சிரித்துச் சிரித்தே பாஸ் பண்ணிவிட்டான். அந்தச் சிவப்புப் பெட்டிக்கு என்னைத்தான் முதலில் அனுப்பியிருக்க வேண்டும்.

எலும்பு டாக்டர் கழுத்துத் தேய்மானம் என்றார். அம்மா மாதா கோயில் எண்ணெயைத் தடவினாள். கம்பெனி நர்ஸ் வேறு ஒன்றைத் தடவினாள். கடைசியில் நரம்பு டாக்டர் எதையும் தடவவில்லை. வராந்தாவில் நடக்கச் சொன்னார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொன்னார். இடது கை தட்டியது. வலது கை தட்டத் தட்டச் சிறுத்து, நின்றுவிட்டது. பார்க்கின்சன் என்றார்.

"சார், அது தாத்தாங்களுக்கு வர்றதில்ல? அக்காவுக்கு முப்பத்தொன்பதுதான்" என்றேன், ஏதோ அவர் வயதைத் தப்பாகப் படித்துவிட்டதுபோல.

"இந்த வயசுலயும் வரும். வந்தா, ஜீனைப் பாக்கணும்."

ரத்தம் எடுத்தார்கள். சில வாரம் கழித்து முடிவு வந்தபோது ஒரு இளம் பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்து, ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டார். ஒரு பெரிய வட்டம், அதற்குள் அவரைக்காய்போல நிறைய.

"இது செல். உள்ள இருக்கறது மைட்டோகாண்ட்ரியா. குட்டிக் குட்டி ஜெனரேட்டர்னு வெச்சுக்கங்க. ஓடி ஓடிப் பழசாகும். பழசானதை அப்படியே விட்டா செல்லுக்கே கெடுதல். அதனால ஒரு புரதத்தை செல் எப்பவும் செஞ்சு அனுப்பிக்கிட்டே இருக்கும். ஜெனரேட்டர் நல்லா இருந்தா அந்தப் புரதத்தை உள்ள இழுத்து நறுக்கிப் போட்டுடும். கெட்டுப்போனதுக்கு இழுக்கத் தெம்பு இருக்காது. அப்போ அந்தப் புரதம் வாசல்லயே கூட்டமா நிக்கும். அதுதான் அடையாளம். அதைப் பாத்து இன்னொரு புரதம் வந்து முத்திரை குத்தும். முத்திரை விழுந்ததை ஒரு ஜவ்வு சுத்தி மூடி, லைசோசோம்னு ஒரு பைகிட்ட கொண்டுபோகும். பை அதைக் கரைச்சிடும்."

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"மேடம், இது எங்க டிபார்ட்மெண்ட்டு மேடம்! சிவப்புச் சீட்டு, சிவப்புப் பெட்டி!"

அவர் சிரித்தார். அக்கா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள், இடது கையால்.

"உங்க அக்காவுக்கு அந்த முதல் புரதம் சரியா வேலை செய்யல."

"அப்போ ரிஜெக்ட் எல்லாம் லைன்லயே ஓடிக்கினு கீதா?"

"ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கறோம். மூளையில சில செல்லுக்குக் கிளை ரொம்ப நீளம், சக்தி நிறைய வேணும். அதுங்கதான் முதல்ல தாங்க முடியாமப் போகுதுன்னு ஒரு கருத்து. முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "மாத்திரை போட்டா எவ்ளோ நாளு டேப் சுத்தலாம் மேடம்?"

டாக்டர் பேனாவை மூடினார். இந்த வகை மெதுவாகத்தான் போகும், மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் நாள் கணக்கு சொல்ல முடியாது என்றார். எனக்கும் பரிசோதனை செய்துகொள்ள விருப்பமா என்று கேட்டார். அதே அம்மா, அதே அப்பா. நாங்கள் இருவரும் ஒரே பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தவர்கள்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு நீளமாக நான் எதையும் யோசித்ததில்லை.

அடுத்த சில வாரம் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்க, நான் போனில் உடம்பு செல்லைப் பற்றிப் படித்தேன். ஆங்கிலத்தில் படித்தால் பாதி புரியவில்லை. தமிழில் மாற்றித் தரும் செயலியில் போட்டால் மீதியும் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. வாசலில் நிற்கும் அந்தப் புரதத்தின் உருவத்தையே இப்போது படம் எடுத்துவிட்டார்கள். அக்காவைப் போன்றவர்களின் தோலிலிருந்து செல் எடுத்து, அதைக் கண்ணாடித் தட்டில் நரம்பு செல்லாக மாற்றி, சீட்டு எங்கே ஒட்டாமல் போகிறது என்று பார்க்கிறார்கள். தூங்கும் புரதத்தை உசுப்பிவிட மருந்து தேடுகிறார்கள். சிலது மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் கட்டத்துக்கே வந்திருக்கிறது. கரைக்கும் பை கெட்டுப்போனால் குழந்தைகளுக்கு ஒரு நோய். அதே கோளாறு ஒரு பங்கு மட்டும் இருந்தால் பெரியவனான பிறகு பார்க்கின்சன் வரும் வாய்ப்பு கூடுதலாம். படிக்கப் படிக்க எனக்கு உற்சாகம். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறான்! ஒரகடம் பக்கம் டிராஃபிக்கில் பஸ் நிற்கும்போது எனக்கு நானே தலையாட்டிக்கொள்வேன். பிறகு ஞாபகம் வரும், இது யாருடைய செல் என்று.

அந்த உற்சாகத்தில்தான் தாளை எழுதினேன். கை ஏன் மெதுவாகிறது? மூளையில் ஒரு ரசாயனம் குறைவதால். ஏன் குறைகிறது? அதைச் செய்யும் செல் சாவதால். ஏன் சாகிறது? கெட்ட ஜெனரேட்டர் உள்ளேயே தங்குவதால். ஏன் தங்குகிறது? அடையாளம் விழாததால். ஏன் விழவில்லை? அந்த ஜீனின் இரண்டு பிரதியும் பழுது என்பதால்.

ஐந்து ஆகிவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் கம்பெனியில் நல்ல பிள்ளைகள் ஆறாவது ஏனும் எழுதுவார்கள். இரண்டு பிரதியும் ஏன் பழுது? அம்மா, அப்பா இருவரும் தலைக்கு ஒன்று கொடுத்ததால். அவர்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் என்பதால். எழுதி முடித்த பெருமையில் ஹாலில் நின்று சத்தமாக வாசித்தும் காட்டினேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்போ நாங்கதான் பண்ணிட்டமாடா?"

"இல்லம்மா, அது வந்து... ஜீன்ல..."

"அத்தை பையனக் கட்டிக்கிறியான்னு என்னை யாரும் கேக்கக்கூட இல்லடா."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையில், உள்ளே இருந்த ஜெனரேட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது எனக்கு. மறுநாள் தாளை என் மேனேஜரிடம் காட்டினேன். திருநெல்வேலிக்காரர், கோபத்திலும் ராகமாகப் பேசுவார். கடைசிவரை படித்துவிட்டு, "ஏம்ல, ஆளு சரியில்லைன்னு மூலகாரணம் எழுதப்பிடாதுன்னு ஒனக்கு எத்தனை தடவ சொல்லிக்குடுத்துருக்கேன்? அதை அழிடே மொதல்ல" என்றார். அழித்தேன். அம்மா அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள் சாப்பிடும்போது அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அழிக்க என்னிடம் எதுவும் இல்லை.

இதற்கிடையில் அக்காவுக்கு ஒரு தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் கம்பெனியில் ஒவ்வொருவர் கைத்திறனையும் நேரம் வைத்து அளப்பார்கள். குறித்த நேரத்துக்குள் தொடர்ந்து ஐந்து கட்டு முடிக்காவிட்டால் வட்டத்தில் கறுப்பை அழித்துவிடுவார்கள். லைனிலும் நிற்க முடியாது. நோயைப் பற்றிக் கம்பெனியில் அவள் மூச்சு விடவில்லை. "நீயும் எங்க கம்பெனிக்காரன் எவன்கிட்டயாவது வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். என் தலைமேல் அவளுக்கு மரியாதை கிடையாது என்பதால், அம்மா தலைமேலும் தனியாக ஒன்று வாங்கினாள்.

மாத்திரை நன்றாகத்தான் கேட்டது. போட்டு முக்கால் மணி நேரத்தில் கை அவளுடையதாகிவிடும். சில மணி நேரம் அப்படியே இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் வேறு யாருடையதோ ஆகிவிடும். புரதச் சத்து நிறைந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் மாத்திரை சரியாக ஏறாது என்றார்கள். அதனால் வீட்டில் அவளுக்கு வைத்த முட்டையை நான் சாப்பிட்டேன். அக்காவின் நோய்க்காக நான் உருப்படியாகச் செய்த ஒரே உதவி அதுதான். இரண்டு கிலோ ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் பயிற்சி வைத்தோம். ப்ளைவுட் பலகையில் ஆணி அடித்து, பழைய ஒயர் வாங்கிவந்து, போனில் நேரம் பார்த்தேன். அவள் மாத்திரை வேகத்தில் சுற்றுவாள். டேப் ஒரே சாய்வில், ஒரே அகலத்தில் போகும். முதல் கட்டு நேரத்துக்குள் வரும். நாலாவதோ ஐந்தாவதோ செய்யும்போது கட்டைவிரல் நின்றுவிடும். அப்படியே காத்திருப்பாள். நான் போனைப் பார்ப்பேன்.

"நேரம் ரொம்பக் கம்மியா வெச்சிருக்கானுங்கக்கா. மனுசனால முடியாது" என்று ஒருநாள் சொல்லி, நானே பலகை முன்னால் நின்று ஒரு கட்டு முடித்துக் காட்டினேன். நோயில்லாத இரண்டு கை, நன்றாக ஓடும் ஜெனரேட்டர்கள். அவள் எடுத்ததைப்போல மூன்று மடங்கு நேரமாயிற்று. இரண்டு ஒயர் இடம் மாறியிருந்தது.

"இந்த வண்டில ஹாரன் அடிச்சா வைப்பர் ஓடும்" என்றாள் அக்கா. அந்த மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்று புரிந்துவிட்டது. என்னைவிடத் திறமையான ஒரு கை அது. பழுதான நிலையிலும் என்னைவிடத் திறமையான கை. அதை வைத்துக்கொண்டு அவள் தோற்கப் போகிறாள்.

தேர்வுக்கு முன்னால் வந்த ஆஸ்பத்திரி நாளில்தான் தாளோடு போனேன். நரம்பு டாக்டர் நான் எதிர்பார்த்ததுபோலத் திட்டவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முதல் ஏனிலிருந்து ஐந்தாவது ஏன் வரை விரல் வைத்துப் படித்தார். வெளியே வரிசை முனகிக்கொண்டிருந்தது.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. எங்க ஸ்டூடண்ட்ஸ் சில பேர் இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டாங்க."

என் நெஞ்சு விரிந்தது. அவர் விரல் கடைசி வரிக்கு வந்தது. 'என்ன செய்யப்போகிறோம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. 'யார் பொறுப்பு' என்பதில் என் பெயரை எழுதியிருந்தேன். 'எந்தத் தேதிக்குள்' என்பதில் அக்காவின் தேர்வு நாள்.

"இந்தத் தேதிக்குள்ள எதுவும் வராதுங்க" என்றார் மெதுவாக. "ஆராய்ச்சி நிஜமாவே வேகமாத்தான் போகுது. ஆனா தட்டுல நடக்கறது ஆளுக்கு வந்து சேர நாளாகும். சிலது வராமலேயும் போகும். இப்போதைக்கு மாத்திரை, உடற்பயிற்சி."

"மனுசங்ககிட்ட சோதிக்கறாங்களாமே சார், அதுல அக்காவைச் சேக்க முடியாதா?"

"அவங்களுக்குப் பொருந்தற மாதிரி இங்க எனக்குத் தெரிஞ்சு இப்போ எதுவும் இல்ல. வந்தா நானே கூப்பிடறேன்."

பிறகு, பாடம் நடத்த உதவும், இந்தத் தாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன். எல்லா ஏனுக்கும் பதில் எழுதியும் ஒரு வேலையும் நடக்காத தாள் என் பதினான்கு வருஷத்தில் அது ஒன்றுதான். தாம்பரத்தில் பஸ் மாறும்போது அக்கா கேட்டாள்: "பொறுப்புன்னு உன் பேர எதுக்குடா போட்ட?"

"காலியா வுட்டா ஆடிட்ல மாட்டிக்குவோம்க்கா."

அடுத்த பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தாள்.

தேர்வு அன்று காலை பத்து மணிக்கு. மாத்திரையை ஒன்பதே காலுக்குப் போட வேண்டும், அதற்கு முன்னால் இட்லி மட்டும், சாம்பார்கூட வேண்டாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருந்தேன். அவள் கிளம்பும்போது கைப்பைக்குள் ஆஸ்பத்திரி ஃபைல் தெரிந்தது. அதை எதற்கு எடுத்துப்போகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை; பழக்கத்தில் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். பத்து மணிக்கு என் மேஜையில் ஒரு துண்டை எடுத்து ரொம்ப நேரம் திருப்பிக்கொண்டே இருந்தேனாம். அது நல்ல துண்டு. அதில் சீட்டு ஒட்டிவிட்டேனாம். பக்கத்து மேஜைக்காரர் சொல்லித்தான் தெரியும்.

மாலையில் அவள் பஸ் வருவதற்கு அரை மணி முன்பே போய் நின்றேன். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அவள் இறங்கினாள். முகத்திலிருந்து எதுவும் படிக்க முடியவில்லை.

"இன்னாக்கா ஆச்சு?"

"கட்டுல ஒரு தப்பு இல்ல. டைம்தான் தாண்டிடுச்சு."

"எவ்ளோ?"

"கொஞ்சம்." நடக்க ஆரம்பித்தாள். "லைன்லேர்ந்து எடுத்துட்டாங்க. நாளைலேர்ந்து ஸ்டோர்ஸ்ல பெட்டி எண்ணணும்."

எனக்கு வாய் நிற்கவில்லை. பயம் வந்தால் எனக்கு அப்படித்தான். ஒன்பது வருஷம் முழு வட்டம் வைத்திருந்தவளைக் கொஞ்ச நேரத்துக்காக எடுப்பார்களா, சோம்பேறித்தனம் என்று நினைத்திருப்பார்கள், உங்கள் மேனேஜருக்கு விஷயம் தெரியாது, அதுதான் கோளாறு என்றேன். நாளைக்கே லீவு போடுகிறேன், டாக்டரிடம் போய்த் தாளைத் திருப்பி வாங்குகிறேன் என்றேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள். நான் முன்னால் ஓடிப் பின்பக்கமாக நடந்தபடி, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்: "அந்த ஆளுக்குப் புரியலக்கா. செல்லுக்குள்ள இன்னா நடக்குதுன்னு படம் போட்டு நான் சொல்றேன். ஜெனரேட்டரு, சீட்டு, பை, எல்லாம். ஒரு தபா புரிஞ்சிட்டா அவரே உன்னத் திரும்ப லைன்ல நிக்கவெப்பாரு, பாரேன்!"

அக்கா நின்றாள். வலது கையை இடது கையால் எடுத்துக் கைப்பைமேல் வைத்துக்கொண்டாள்.

"காலைலயே எல்லாம் சொல்லிட்டேன்டா, புரிஞ்சுதான் அனுப்புனாரு."